கணிப்பொறியும் காத்திருத்தலும்

கணிப்பொறியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் விரைவையே வியந்து எழுதுவர். ஒரு விநாடிக்குள் அது கோடிக்கணக்கான கணக்குகளை முடிக்குமென்பது இன்று பள்ளிச் சிறாரும் அறிந்த செய்தி. அத்துணை விரைந்த பொறி தன்னைச் சூழ்ந்துள்ள மெதுவான கருவிகளுக்காக எங்ஙனம் காத்திருக்கின்றது, எவ்வளவு நேரம் காத்திருக்கின்றது, காத்திருக்கத் தவறின் யாது விளையும் என்பனவற்றை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. இஃது அறிஞர்க்கு மட்டும் உரிய நுணுக்கமன்று. நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மாணாக்கர் ஒருவர் வீட்டிலுள்ள பழைய மடிக்கணினி பிழைப்பதும், பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போவதும் சில வேளைகளில் இதனைப் பொறுத்தே நிற்கும்.

2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. தொடக்கத்தில் வழங்கப்பெற்றவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இயக்குதளமும் இடம் பெற்றிருந்தது. இது சி-டாக் என்னும் நடுவணரசு நிறுவனம், டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பினை அடியாகக் கொண்டு ஆக்கியதாகும். அம்மடிக்கணினிகள் இப்போது முதுமை எய்திவிட்டன. உள்ளிருக்கும் வட்டு பழுதுற்றவற்றையும், விண்டோஸின் சுமை தாங்காது தளர்ந்தவற்றையும், ஒரு பென் டிரைவில் லினக்ஸை இட்டு அதிலிருந்து எழுப்பிப் பயன்படுத்தலாம். விழுப்புரத்திலே குனு/லினக்ஸ் பயனர் குழுவொன்று கட்டற்ற மென்பொருளை ஊர்ப்புற மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றதாகலின், இம்முயற்சியில் வழிகாட்டுவார் இப்பக்கத்தில் இல்லையென்று சொல்வதற்கில்லை.

அங்ஙனம் எழுப்ப முயலுங்கால் சில பொறிகள் பாதி வழியில் நின்றுவிடும். மூலச் சாதனத்துக்காகக் காத்திருந்து கைவிட்டதாக ஓர் ஆங்கில வாக்கியம் கருந்திரையில் தோன்றும். அதன்கீழ், 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் சொல்லுக்கு அருகே ஒரு சிறு குறி கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். ஈண்டு மூலச் சாதனமென்பது, இயக்குதளத்தின் கோப்புகள் யாவும் தங்கியிருக்கும் இடம். நாம் எடுத்துக்கொண்ட செய்தியில் அந்தப் பென் டிரைவே. இதைக் கண்டவர் பொறி மாண்டதென்றோ, பென் டிரைவ் கெட்டதென்றோ முடிவு கட்டிவிடுவர். ஆனால் இரண்டும் பழுதின்றி இருத்தல் கூடும். ஒன்று கேட்ட வேளையில் மற்றொன்று விடை கூற ஆயத்தமாக இல்லை; நிகழ்ந்தது அவ்வளவே.

இது நிகழும் காரணத்தை அறிதற்கு இரு கால அளவைகளை ஒப்பிட்டு நோக்கல் வேண்டும். விநாடிக்கு இருநூறு கோடி துடிப்புடைய ஒரு சாதாரணச் செயலியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு துடிப்பை நம்முடைய ஒரு விநாடியாகப் பெருக்கி எண்ணினால், நமக்கு ஒரு விநாடியாவது அதற்கு அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகும். இனி, பென் டிரைவைச் செருகும் யூ.எஸ்.பி. துளையின் விதியைப் பார்ப்போம். கருவி செருகப்பட்டதென்னும் குறி தோன்றியபின், அக்குறி அசையாது நிலைத்திருக்கின்றதாவென்று ஒரு விநாடியில் பத்திலொரு பங்கு நேரம் பார்த்திருத்தல் வேண்டும். பின்னர்க் கருவியை மீட்டமைத்து, அது தெளிவுறச் சிறிது நேரம் விட்டு, அதற்கோர் எண்முகவரி கொடுத்து, மறுபடியும் சிறிது நேரம் விடல் வேண்டும். முதற் கூறிய அந்தப் பத்திலொரு பங்கு மட்டுமே செயலியின் கணக்கில் ஆறு ஆண்டுக்கு மேலாகின்றது. சுழலும் வட்டுகளின் நிலை இன்னும் மெதுவானது. உறங்கும் வட்டு எழுந்து முழு வேகத்திற் சுழலப் பல விநாடிகள் செல்லும், பழைய ஏ.டி.ஏ. வட்டுகளுக்கு முப்பது விநாடியளவும் பொறுத்திருத்தல் வழக்கம். செயலியின் கணக்கில் அது பத்தொன்பது நூற்றாண்டாகும்!

நேர வேறுபாடு ஒன்றே இடர்ப்பாடாயின் அதனை எளிதில் தீர்த்துவிடலாம். உண்மையான இடர்ப்பாடு வேறொன்று. கருவி இல்லாமையும், கருவி இருந்தும் இன்னும் ஆயத்தமாகாமையும் கேட்பவருக்கு ஒரே விடையாகத் தோன்றுகின்றன. பி.சி.ஐ. என்னும் உள்வழியில் ஓரிடத்தை நோக்கி, 'நீ யார்?' என்று செயலி கேட்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே கருவி இருப்பின் தன்னை ஆக்கியோர் எண்ணை விடையாகத் தரும். எவரும் இல்லையெனின், எல்லா இலக்கமும் ஒன்றாக நிரம்பிய வெற்றெண் வந்து சேரும். மீட்டமைக்கப்பட்டு அப்போதுதான் விழித்தெழும் கருவியினிடமிருந்தும் அதே வெற்றெண் வரக்கூடும். வெறிச்சோடிய வீட்டின் கதவைத் தட்டினாலும், உள்ளே உறங்குவார் வீட்டின் கதவைத் தட்டினாலும் முதலிற் கேட்பது அமைதியே அன்றோ? இக்குறையை உணர்ந்தே பிற்காலத்துப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் விதியை வகுத்தோர் மூன்றாவது விடையொன்றைச் சேர்த்தனர். 'இருக்கின்றேன், ஆயத்தமாகவில்லை, மீண்டும் கேள்' என்பது அதன் பொருள். மீட்டமைத்தபின் பத்திலொரு விநாடி கழித்தே முதல் வினாவை விடுக்க வேண்டுமென்றும், முழு ஆயத்தத்திற்கு ஒரு விநாடி தர வேண்டுமென்றும் வரையறுத்தனர். மூன்றாம் விடை கூறத் தெரியாத கருவிகள் உலகில் மிகப் பல.

ஆகவே மென்பொருளை ஆக்குவோர் காத்திருக்க வேண்டுமென்பதில் ஐயமில்லை. காத்திருக்கும் முறையிலேதான் வழிகள் பிரிகின்றன. முதல் வழி, யாவருக்கும் முதலில் தோன்றுவது: இத்தனை விநாடியென்று ஒரு கணக்கு வைத்து, அது கழிந்தபின் கருவி ஆயத்தமாகியிருக்குமென்று கொள்வது. இரண்டாவது, கருவி ஆயத்தமானதற்கு ஓர் அடையாளத்தைப் பெற்றபின்னரே மேற்செல்வது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை நம் பக்கத்து இருப்புப்பாதையே நன்கு விளக்கும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் வண்டி மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகிய நிலையங்களைக் கடக்கின்றது. ஒரு வண்டி சென்ற பகுதியிலே அடுத்த வண்டியை எப்போது விடுவது? முன்வண்டி சென்று இவ்வளவு நிமிடமாயிற்று, இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்து விடுவதன்று இங்குள்ள முறை. முன்வண்டி அப்பகுதியை முற்றும் கடந்ததென்னும் உறுதி கிடைத்தாலன்றிப் பின்வண்டிக்கு அனுமதி இல்லை. தொடக்ககாலத்து ஆங்கில நாட்டு இருப்புப்பாதைகளோ கடிகாரத்தையே நம்பி ஓடின. அதற்குக் கொடுத்த விலை 1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அயர்லாந்தில் ஆர்மா என்னுமிடத்தருகே புலப்பட்டது. ஞாயிறு பள்ளிச் சிறாரை மிகுதியாக ஏற்றிய உல்லாச வண்டியொன்று ஏற்றத்தில் ஏற மாட்டாது நின்றுவிட, அதனை இரண்டாகப் பிரித்தனர். பிரித்த பின்பகுதி சரிவிற் பின்னோக்கி ஓடி, குறித்த நிமிடங்கள் கழிந்தனவென்று பின்னாலே விடப்பட்டிருந்த அடுத்த வண்டியோடு மோதிற்று. ஏறத்தாழ எண்பதின்மர் மாண்டனர். கடிகாரம் பிழையாக ஓடவில்லை. நிமிடங்களும் உண்மையாகவே கழிந்திருந்தன. முன்வண்டி போய்ச் சேர்ந்ததா என்னும் வினாவுக்குக் கடிகாரம் விடையாகாது என்பதே அங்கு மறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் பயணிகள் வண்டிப் பாதைகளுக்கு உறுதி பெற்று விடும் முறையைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றிற்று.

மென்பொருளில் மனிதர் மாய்வது அரிது. ஆயினும் பிழை அதுவேயாம். 'ஐந்து விநாடி பொறு' என்று எழுதிய நிரல், எழுதினவர் மேசைமீதிருந்த பொறிக்குப் பொருந்தும். அதனினும் மெதுவான பென் டிரைவுக்கு அது போதாது. அதனினும் விரைந்ததற்கு வீண். லினக்ஸில் யூ.எஸ்.பி. சேமிப்புக் கருவிகளுக்கென வைத்திருந்த காத்திருப்பு முன்னர் ஐந்து விநாடியாக இருந்து, பின்னர் ஒரு விநாடியாகக் குறைக்கப்பட்டது. இவ்விரு எண்களில் எது சரியென்று வழக்காடுவதிற் பயனில்லை. ஒவ்வோர் எண்ணும் ஏதோவொரு கருவிக்குத் தவறாகவே இருக்கும்.

காலத்தைச் செயலியின் சுற்றுகளாற் கணித்தலோ இன்னும் ஆபத்தானது. டர்போ பாஸ்கல் என்னும் மொழிக்கருவியைக் கற்ற பழைய மாணாக்கர் '200-ஆம் பிழை' என்பதை மறந்திரார். அதிலுள்ள சி.ஆர்.டி. என்னும் தொகுதி, நிரல் தொடங்கியவுடனே, கடிகாரம் ஒருமுறை துடிக்கும் ஐம்பத்தைந்து மில்லி விநாடிக்குள் செயலி எத்தனை வெற்றுச் சுற்று சுற்றுகின்றதென்று எண்ணி, அதனை ஐம்பத்தைந்தால் வகுத்து வைத்துக்கொள்ளும். 1990-களின் பிற்பகுதியில் 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேற்பட்டும் விரைவுடைய செயலிகள் வந்தபோது, வகுத்து வந்த ஈவு 65,535-க்கு மேலாகி அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்காது போயிற்று. உடனே நிரல் மடிந்தது. காத்திருத்தலை ஒருகாலும் பயன்படுத்தாத நிரல்களும் அத்தொகுதியைச் சேர்த்துக்கொண்ட குற்றத்திற்காகவே மடிந்தன. பொறி மெதுவாயிருந்தமையாலன்றி, விரைந்தமையால் வந்த கேடு இது.

இனி, அடையாளம் பெற்றுச் செல்லும் வழியைச் சிறிது விரித்துரைப்போம். அடையாளம் பெறுதல் இருவகைப்படும். கருவியே குரல் கொடுத்தல் ஒன்று. இதனைக் குறுக்கீடு என்பர். குரல் கொடுக்க மாட்டாத கருவியை இடைவிட்டு இடைவிட்டு நாமே கேட்டல் மற்றொன்று. பின்னதற்கு நோவாவின் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. வெள்ளம் வற்றியதோவென அறியப் பேழையினின்று அவன் ஒரு புறாவை விடுத்தான். அது காலூன்ற இடங்காணாது திரும்பிற்று. நிலமே இல்லையென்று அவன் முடிவு கட்டவில்லை. ஏழு நாள் பொறுத்து மீண்டும் விடுத்தான். ஒலிவ இலையோடு வந்தது. பின்னும் ஏழு நாள் பொறுத்து விடுத்தான், திரும்பவில்லை. முதல் விடையை 'இல்லை' என்று கொள்ளாது 'இன்னும் இல்லை' என்று கொண்டமையும், வினாவுக்கும் வினாவுக்கும் இடையே ஓய்ந்திருந்தமையும் நிரல் எழுதுவோர் கருதற்பாலன.

அவ்வோய்வு ஏன் வேண்டுமெனில், இடைவிடாது கேட்டுக்கொண்டே இருக்கும் செயலி வேறெந்தப் பணியையும் செய்ய இயலாது. லினக்ஸ் கெர்னலில் இதற்கு இருவகைக் காத்திருப்பு உண்டு. மில்லி விநாடியின் சிறு கூறளவான காத்திருப்புக்கு, செயலியை ஓரிடத்திலேயே சுற்றவைக்கும் முறை உதவும். அதனினும் நீண்டதற்கு, அப்பணியை உறங்கவைத்துச் செயலியைப் பிறர்க்கு விட்டுக்கொடுக்கும் முறையே தக்கது. சிறு காத்திருப்புக்கு உறக்கத்தை நாடினால், உறங்கச் செல்வதற்கும் எழுவதற்கும் ஆகும் செலவே மிஞ்சும். நெடுங்காத்திருப்புக்குச் சுற்றலை நாடினால் பொறி முழுதும் உறைந்தாற்போல் தோன்றும்.

நோவாவிடம் இல்லாத ஒன்று நிரலுக்கு வேண்டும். அஃது எல்லை. நிலம் வெளிப்படுமென்னும் நம்பிக்கை அவனுக்கு இருந்தது. ஒரு கருவி உண்மையிலேயே இல்லாதிருக்கலாமென்பதை நிரல் எப்போதும் எண்ணியிருத்தல் வேண்டும். விசைப்பலகைக்குரிய பழைய கட்டுப்பாட்டுச் சில்லை லினக்ஸ் வினவும் முறை இதற்கு நல்ல மாதிரி. ஐம்பது மைக்ரோ விநாடிக்கு ஒருமுறையாகப் பதினாயிரம் முறை பார்க்கும். விடை வந்த அக்கணமே மேற்செல்லும். அரை விநாடியாகியும் வாராவிடின் கைவிடும். ஆயத்தமான கருவிக்கு இதில் நேரமே வீணாவதில்லை. எல்லையைத் தாராளமாக வைப்பதாலும் நலமுள்ள பொறிக்கு நட்டமில்லை. இல்லாத கருவியைத் தேடும்போது மட்டுமே முழு எல்லையும் செலவாகும். நிலையான காத்திருப்புக்கும் எல்லையுடைய காத்திருப்புக்கும் உள்ள வேற்றுமை முழுதும் இதில் அடங்கியிருக்கின்றது.

இங்கே கைதேர்ந்தாரும் வழுக்கி விழுமிடம் ஒன்றுண்டு. கேட்டு, 'இல்லை' என்று பெற்று, ஒரு மில்லி விநாடி உறங்கச் சென்ற பணி, பிற பணிகளின் நெருக்கத்தால் நெடுநேரம் எழுப்பப்படாது கிடக்கலாம். எழுந்தவுடன் கடிகாரத்தை நோக்கி, எல்லை கடந்ததென்று கருவியைக் கைவிட்டால் அஃது அநீதி. கருவி அதற்கிடையில் ஆயத்தமாகியிருக்கக்கூடும், உறங்கியது நாமே. ஆதலின் எல்லை கடந்தபின்னும் இறுதியாக ஒருமுறை கேட்டுவிட்டே தீர்ப்புரைத்தல் வேண்டும். கெர்னலில் இதற்கென அமைந்த பொதுச் செயற்கூறுகள் அங்ஙனமே செய்கின்றன.

இவ்வளவு கூறியதுகொண்டு நிலையான காத்திருப்பு எங்குமே கூடாதென்று யான் சொல்வதாகக் கொள்ளற்க. சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஐந்து திசைப் பாதைகள் கூடும் விழுப்புரம் சந்திப்பு போன்ற நிலையத்தில், வண்டியொன்று நெருங்கி வருகையில் அதற்கென அமைத்த வழியை நீக்க நேர்ந்தால், கைகாட்டியைச் சிவப்பாக்கியவுடன் வழியை மாற்ற இயலாது. இந்திய இரயில்வேயின் வழக்கப்படி 120 விநாடி கழிந்த பின்னரே வழி விடுபடும். ஓட்டுநர் சிவப்பைக் கண்டு நின்றாரா, காணுமுன்னரே உள்ளே வந்துவிட்டாரா என்பதற்கு நம்பத்தக்க அடையாளம் அவ்விடத்தில் இல்லாமையால், போதிய நேரத்தை விடுவதே நேர்மையான வழி. யூ.எஸ்.பி. துளையில் பத்திலொரு விநாடி பார்த்திருப்பதும் இவ்வினத்ததே. செருகும்போது உலோகங்கள் தொட்டும் விட்டும் அதிர்வதால், அவ்வேளையிற் பெறும் அடையாளமே பொய்யாகலாம். அடையாளம் இல்லாதவிடத்தும், அடையாளம் நம்பத்தகாதவிடத்தும் கடிகாரமே துணை.

கருவிகளை ஒவ்வொன்றாக வரிசையிற் காத்திருந்து தேடுவதால் பொறி எழும் நேரம் நீளும். அதனைக் குறைக்கப் பிற்காலத்துக் கெர்னல்கள் பல கருவிகளை ஒருங்கே தேடுகின்றன. 2008-இல் ஆர்ஜன் வான் டி வென், ஆகே கோக் என்னும் இருவர் ஒரு சிறு மடிக்கணினியை ஐந்தே விநாடியில் எழுப்பிக் காட்டியதற்கு இம்முறையும் ஒரு காரணம். ஒரு கருவி தனக்கு வேண்டிய மற்றொரு கருவி இன்னும் வாராமையைக் கண்டால் தன் முறையை ஒத்திவைத்துப் பின்னர் வரும் ஏற்பாடும் 2012-இல் சேர்ந்தது. இவற்றால் விரைவு கிடைத்தது. ஆனால் எது முதலில் வருமென்னும் உறுதி போயிற்று. நேற்று முதல் வட்டாகப் பெயர் பெற்றது இன்று இரண்டாம் வட்டாகலாம். ஆதலாற்றான் இக்காலத்து லினக்ஸ்கள் மூலச் சாதனத்தை வரிசைப் பெயராலன்றி, அதனுள் எழுதப்பட்ட யூ.யூ.ஐ.டி. என்னும் தனி அடையாள எண்ணால் தேடுகின்றன.

இனி, கருந்திரையில் நின்ற நம் மடிக்கணினிக்கு மீள்வோம். டெபியன் வழிவந்த லினக்ஸ்களில், மூலச் சாதனம் தோன்றுமளவும் ஏறத்தாழ முப்பது விநாடி தேடிக் காத்திருந்து, அதன்பின்னரே அக்குறி தோன்றும். அப்போது பென் டிரைவைப் பிடுங்காமல், ஒரு நிமிடம் பொறுத்து, 'எக்ஸிட்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு உள்ளிடு விசையை அழுத்துக. தேடல் மீண்டும் நிகழும். இம்முறை பொறி எழுந்துவிட்டால், நோய் இன்னதென்று ஐயமின்றித் துணியலாம்: கருவி கெடவில்லை, தாமதித்தது.

அதற்கு மருந்து, எழுப்பும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் சொற்களில் 'ரூட்-டிலே' என்பதனைச் சேர்த்து, சமக்குறியிட்டு, 60 அல்லது 90 என எழுதுதல். இச்சொல்லில் ஒரு நுட்பம் உளது. கெர்னல் தானே இதனைப் படிக்கும்போது, அத்தனை விநாடியும் கண்மூடிக் கிடந்து பின்னரே தேடும். டெபியனின் தொடக்கத் தொகுதி படிக்கும்போதோ, அதனைத் தேடும் எல்லையாகக் கொண்டு, சாதனம் தோன்றிய உடனே மேற்செல்லும். ஒரே சொல் ஈரிடத்தில் இரு பொருள்படுகின்றமையால், ஒருவர் எழுதிவைத்த குறிப்பைப் பிறர் பார்த்துக் குழம்புவது இயல்பு. 'ரூட்-வெயிட்' என்னும் மற்றொரு சொல்லைத் தனித்துக் கொடுத்தால் கெர்னல் எல்லையின்றிக் காத்திருக்கும். பென் டிரைவ் ஒன்றையே நம்பிய சிறு பொறிகளுக்கு அது நன்று. பள்ளிக்கூடத்துப் பொதுப் பொறிக்கு அதனை யான் விரும்பேன். பென் டிரைவைச் செருக மறந்த நாளில், மாலைவரை காத்து நிற்கும்.

'எக்ஸிட்' கொடுத்தும் எழாவிடின், அதே குறியில் 'டிமெஸ்ஜி' என்பதன் ஆங்கில எழுத்துகளை அச்சிட்டுக் கெர்னலின் நாட்குறிப்பைப் படிக்க. ஒவ்வொரு வரியின் முன்னும் பகர அடைப்புக்குள் பொறி எழுந்ததுமுதற் கழிந்த விநாடிகள் இருக்கும். பென் டிரைவ் தோன்றியதைச் சொல்லும் வரி இருந்து, அதன் விநாடி முப்பதினும் நன்கு மிகுந்திருந்தால் மேற்கூறிய மருந்து போதும். அவ்வரி தொடக்கத்திலேயே இருந்தால், பிழை காலத்தில் இல்லை. தேடும் அடையாள எண் வேறாயிருக்கலாம். அவ்வரியே காணப்படாவிடின், வேறொரு துளையிற் செருகிப் பார்த்துவிட்டு, அதன்பின் கடைக்காரரிடம் செல்லலாம்.